லொகேஷன் பின் போதாது, சர்வே எண் வேணும்! திருப்புட்குழி பக்கம் மனை வாங்கும் முன் மொபைலிலேயே பார்க்க வேண்டியவை என்னென்ன?

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால், சாலையின் இரண்டு பக்கமும் மனை விளம்பரப் பலகைகள்தான். ஹைவேயில் இருந்து இத்தனை நிமிடம், காஞ்சிபுரத்துக்கு இத்தனை நிமிடம், உடனே வீடு கட்டலாம் என்று வரிசையாக வாசகங்கள். பலகையில் உள்ள எண்ணுக்கு அழைத்தால், அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷன் பின் வந்து விழும். தொட்டால் மேப் திறக்கும். சிவப்புக் குறியைச் சுற்றி ஒன்றுமே இருக்காது. வெறும் வெளிர் நிறக் காலியிடம்.

அந்த இடம் உண்மையிலேயே காலிதானா? மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா? அது யார் பெயரில் இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பின்னில் பதில் இல்லை. ஆனால் பதில்கள் ரகசியமானவையும் இல்லை. அரசின் இணையதளங்களிலும், இலவச செயற்கைக்கோள் படங்களிலும் அவற்றில் பெரும்பகுதி பொதுவெளியிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் சிக்கல்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கும் திருப்புட்குழியையே உதாரணமாக வைத்து, ஒரு ஊரை மொபைலில் எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பக்கம் இவ்வளவு பரபரப்பு?

மூன்று காரணங்கள்.

ஒன்று, சாலை. கர்நாடகத்தின் ஹோஸ்கோட்டேவில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் முடியும் 262 கிலோமீட்டர் பெங்களூரு – சென்னை விரைவுச்சாலை காஞ்சிபுரம் மாவட்டம் வழியாக வருகிறது. ஏற்கனவே இருக்கும் தேசிய நெடுஞ்சாலையில், காரைப்பேட்டை – வாலாஜாபேட்டை இடையே ஆறுவழிச்சாலைப் பணிகள் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போயின.

இரண்டு, சென்னையின் எல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022 அக்டோபரில் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதிகளும் அதில் வருகின்றன.

மூன்று, விமான நிலையம். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரந்தூர் காஞ்சிபுரத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. திருப்புட்குழி நகரத்துக்கு மேற்கே. "ஏர்போர்ட் பக்கம்" என்று யாராவது சொன்னால், முதலில் மேப்பில் இரண்டுக்கும் நடுவே தூரத்தை அளந்து பாருங்க. கூகுள் மேப்பில் ஒரு புள்ளியை அழுத்திப் பிடித்தாலே தூரம் அளக்கும் வசதி வரும். தரகர் சொல்லும் நிமிடக் கணக்கை விட அது நம்பகமானது.

முதல் சிக்கல்: ஊர் பெயர்

ஆன்லைனில் ஒரு ஊரைத் தேடும்போது முதலில் மாட்டிக்கொள்வது எழுத்துக்கூட்டலில்தான்.

திருப்புட்குழி என்ற பெயரில் இருக்கும் 'புள்' என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமன் இறுதிச் சடங்கு செய்த இடம் இது என்பது தலவரலாறு. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலும், அதன் ஜடாயு தீர்த்தமும்தான் ஊரின் அடையாளம். ராமானுஜர் இளம் வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் வைணவ மரபு சொல்கிறது.

ஆனால் பேச்சில் பலர் இதை 'திருப்புக்குழி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ட்' ஒரு இடத்தில் இருக்கும், இன்னொரு இடத்தில் காணாமல் போயிருக்கும். அதனால் தேடலில் "முடிவுகள் இல்லை" என்று வந்தால், ஊரே பட்டியலில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இதே ஜடாயு கதையோடு கும்பகோணம் பக்கம் புள்ளபூதங்குடி என்ற இன்னொரு திவ்ய தேசமும் இருக்கிறது. பெயரை வைத்து மட்டும் தேடினால் ஊர் மாறிப்போகவும் வாய்ப்பு உண்டு.

அரசுத் தளங்களில் எப்போதும் மாவட்டம், வட்டம், கிராமம் என்ற வரிசையில் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. திருப்புட்குழிக்கு மாவட்டமும் காஞ்சிபுரம்தான், வட்டமும் காஞ்சிபுரம்தான்.

இன்னொன்று. வருவாய்த் துறையின் 'கிராமம்', உள்ளாட்சியின் 'ஊராட்சி', பத்திரப்பதிவுத் துறையின் 'சார்பதிவாளர் எல்லை' மூன்றும் எப்போதும் ஒன்றாக இருக்காது. விற்பவர் சொல்லும் ஊர் பெயர் விளம்பரத்துக்காக வைத்ததாகவும் இருக்கலாம். பத்திரத்தில் எந்த வருவாய் கிராமம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

மே மாதப் படத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்

காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன், பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் மட்டும் 909 ஏரிகள் இருந்தன. பிரிந்த பிறகு காஞ்சிபுரத்தின் பங்கு 381. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சின்ன ஏரிகள், குளங்கள், குட்டைகள் தனி. திருப்புட்குழிக்குப் பக்கத்திலேயே, நெடுஞ்சாலையை ஒட்டி தாமல் ஏரி இருக்கிறது.

இந்த ஏரிகள் வருடம் முழுக்க நிரம்பி இருப்பவை அல்ல. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, பாசனத்துக்குத் தண்ணீர் விட்டு, கோடையில் வற்றிவிடும். மொபைல் மேப்பில் இருக்கும் செயற்கைக்கோள் படம் மேகமில்லாத வறண்ட நாளில் எடுத்ததாக இருந்தால், ஏரியின் உள்பகுதி வெறும் மைதானம் போலத்தான் தெரியும்.

அப்படியென்றால் ஏரியை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைத் தேடுங்க. வட தமிழகச் சமவெளியில் நிலம் பெரும்பாலும் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. தாழ்ந்த பக்கத்தில் பிறை போல வளைத்துக் கரை கட்டியிருப்பார்கள். படத்தில் ஒரு நீண்ட வளைகோடு, அதன் மேல் வரிசையாக மரங்கள், கரைக்கு வெளியே பச்சை வயல்கள் தெரிந்தால், அந்த வளைவின் உள்பக்கம் நீர்பிடிப்புப் பகுதி. கரைக்கு வெளியே இருப்பது ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம்.

கரைப் பக்கம் ஆழமாக இருப்பதால் அங்கே யாரும் மனை போட மாட்டார்கள். சிக்கல் வருவது எதிர்ப்பக்கம். தண்ணீர் கடைசியாக ஏறி முதலில் வற்றும் ஓரம் அது. பல வருடம் மழை குறைவாக இருந்தால், அந்த ஓரம் ஏரியின் பகுதி என்பதே எல்லோருக்கும் மறந்துவிடும். கல் நட்டு, சாலை போட்டு, மின்கம்பம் வந்த பிறகு ஒரு நல்ல மழை வரும்போதுதான் நினைவு வரும்.

பழைய படங்களை எங்கே பார்ப்பது?

கூகுள் எர்த் செயலியில் பழைய தேதிகளின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. கணினியில் மட்டும் இருந்தது இப்போது மொபைலிலும் வந்துவிட்டது. ஒரே இடத்தை ஏப்ரல் – மே மாதப் படத்திலும், டிசம்பர் – ஜனவரி படத்திலும் ஒப்பிட்டுப் பாருங்க. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்க.

அடுத்து, ஐரோப்பிய யூனியனின் 'குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர்'. 1984 முதல் எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து, உலகத்தில் எந்த இடத்தில் எத்தனை சதவீத நேரம் தண்ணீர் தெரிந்தது என்று நிறத்தால் காட்டும் இலவசத் தளம் இது. மனை இருக்கும் இடத்தில் லேசாக நிறம் தெரிந்தாலும் அது ஒரு எச்சரிக்கை. அதே நேரம், இதன் ஒரு புள்ளி 30 மீட்டர் அகலம் கொண்டது. குறுகலான வாய்க்கால், சின்ன குட்டை எல்லாம் இதில் தெரியாது. நிறம் இல்லை என்பதாலேயே தண்ணீர் வராது என்று அர்த்தம் இல்லை.

ஐரோப்பாவின் சென்டினல்–2 செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில், சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. 2015-ல் இருந்து படங்கள் இருக்கின்றன. 'கோப்பர்நிக்கஸ் பிரவுசர்' தளத்தில் தேதியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ 2009-ல் தொடங்கிய 'புவன்' தளத்திலும் நீர்நிலை, நிலப் பயன்பாடு குறித்த வரைபட அடுக்குகள் உண்டு.

பின்னை சர்வே எண்ணாக மாற்றுவது எப்படி?

இதுவரை பார்த்தது நிலத்தின் முகம். இனி ஆவணம். இங்கேதான் லொகேஷன் பின் பயன்படாமல் போகிறது.

வருவாய்த் துறையோ பத்திரப்பதிவுத் துறையோ ஒரு நிலத்தை கூகுள் பின்னை வைத்து அடையாளம் காண்பதில்லை. அவர்களுக்கு முகவரி என்பது கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண். விற்பவரிடம் முதல் போனிலேயே கேட்க வேண்டியது இதைத்தான். "நேர்ல வாங்க, காட்டுறோம்" என்று சொல்லி எண்ணைத் தர மறுத்தால், அங்கேயே நின்றுவிடலாம்.

எண் கையில் வந்துவிட்டதா? தமிழக அரசின் 'டிஎன்ஜிஐஎஸ்' வரைபடத் தளத்தில், செயற்கைக்கோள் படத்தின் மேல் கிராமங்களின் சர்வே எல்லைகளைப் பார்க்கலாம். விற்பவர் அனுப்பிய பின் எந்த சர்வே எண்ணுக்குள் விழுகிறது என்று பாருங்க. அவர் சொன்ன எண்ணும் மேப் காட்டும் எண்ணும் வேறு வேறாக இருந்தால், காட்டப்படும் நிலம் ஒன்று, விற்கப்படும் நிலம் வேறொன்றாக இருக்கலாம். இந்த எல்லைக்கோடுகள் சில மீட்டர் தள்ளி விழ வாய்ப்பு உண்டு. அதனால் இதை வைத்து வேலி போட முடியாது. எந்தப் புலம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

பிறகு வருவாய்த் துறையின் இ-சேவைகள் தளம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து, மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் மூன்று ஆவணங்களைப் பார்க்கலாம்.

பட்டா – சிட்டா: நிலம் யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா என்று சொல்லும்.

எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம்: அந்தச் சர்வே எண்ணின் வடிவம், பக்க அளவுகள், உட்பிரிவுகள்.

'அ' பதிவேடு: பலர் திறந்தே பார்க்காத ஆவணம் இது. ஒவ்வொரு சர்வே எண்ணும் அரசின் கணக்கில் என்ன வகை என்று இதில் இருக்கும். ரயத்துவாரியா, அரசு புறம்போக்கா என்பது இங்கேதான் தெரியும். புறம்போக்கு என்றால் ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால், சுடுகாடு, பாதை என்று எதற்கானது என்பதும் இருக்கும்.

உங்கள் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். அதை ஒட்டியிருக்கும் நான்கு பக்க சர்வே எண்களையும் போட்டுப் பாருங்க. மனை பட்டா நிலமாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் போகும் வழி வாய்க்கால் புறம்போக்கு மேல் போட்ட சாலையாக இருந்தால்? நாளைக்கு ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும்போது, வீடு நிற்கும், வழி இருக்காது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்று ஆன்லைனில் இருக்கும் பட்டா விவரங்களுக்குப் பெரும்பாலும் அடிப்படை, 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த 'யுடிஆர்' எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். அப்போது பெயரிலும் பரப்பிலும் விழுந்த தவறுகளுக்காக இன்றும் மக்கள் வட்டாட்சியர், கோட்டாட்சியர் அலுவலகங்களுக்கு அலைகிறார்கள். திரையில் தெரிகிறது என்பதற்காக எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடச் சொல்கிறோம்.

வில்லங்கம், வழிகாட்டி மதிப்பு, அங்கீகாரம்

பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும் இலவசமாகப் பார்க்கலாம். ஆன்லைனில் 1975 முதலான பதிவுகள் கிடைக்கும். அந்த நிலத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் வரிசையாக வரும்.

வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்றால் பிரச்னையே இல்லை என்று அர்த்தமா? இல்லை. பதிவு செய்யாத ஒப்பந்தம், பதிவு செய்யாத உயில், பத்திரப்பதிவுக்கு வராத வழக்கு எல்லாம் அதில் தெரியாது. வழக்கு இருக்கிறதா என்பதை 'இ-கோர்ட்ஸ்' தளத்தில் உரிமையாளர் பெயரைப் போட்டுத் தனியாகத் தேட வேண்டும்.

அடுத்து அங்கீகாரம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற வார்த்தையைக் கேட்டாலே உஷாராக வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு ஆகாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசு நிலம், கோயில் நிலம், வக்பு நிலம், அங்கீகாரமில்லாத புதிய மனை ஆகியவற்றின் பதிவை சார்பதிவாளர் மறுக்கலாம்.

டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமா, சிஎம்டிஏவா, எந்த அமைப்பின் எல்லைக்குள் இடம் வருகிறது என்று பார்த்து, அங்கீகார எண்ணைச் சரிபாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும், அதாவது ரெராவிலும் பதிவாக வேண்டும். ரெரா தளத்தில் மனைப்பிரிவின் வரைபடமே இருக்கும். விளம்பரத்தில் 'பார்க்' என்று காட்டிய இடம் அங்கேயும் பூங்காவாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கோயில் ஊர்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்குச் சொந்தமாக சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அவற்றின் ஆவணங்களை 2021-ல் இருந்து துறை தன் இணையதளத்தில் ஏற்றத் தொடங்கியது. கோயில் பெயரை வைத்துத் தேடி, சர்வே எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளலாம். கோயில் நிலம் எப்போதும் ஊர் நடுவே கோயிலை ஒட்டித்தான் இருக்கும் என்றில்லை. ஊரை விட்டுத் தள்ளி, வயல்வெளியிலும் இருக்கலாம்.

எல்லைக்கோடு தெளிவாக இல்லையென்றால் என்ன ஆகும்?

சென்னையிலேயே சமீபத்திய உதாரணம் இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதன் எல்லையும், அதைச் சுற்றிய பாதுகாப்பு மண்டலமும் தரையில் எங்கே முடிகின்றன என்பது தீர்க்கப்படாமலே இருந்தது. 2025 செப்டம்பரில், அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கும் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. அனுமதிக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. ஒரு வரைபடம் சரியான நேரத்தில் முடிவாகி, எல்லோரும் பார்க்கும்படி வந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சிக்கல் இது.

பரந்தூரிலும் கேள்வி இதுதான். வரைபடத்தில் திட்ட எல்லை ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் ஏரிகளும், கம்பன் கால்வாயும், விளைநிலமும், ஏகனாபுரம் போன்ற ஊர்களும் இருக்கின்றன என்பதுதான் அங்குள்ள மக்களின் எதிர்ப்புக்கு அடிப்படை.

நீர்நிலை ஆக்கிரமிப்பு தமிழ்நாட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை. மத்திய ஜல்சக்தி அமைச்சகம் 2023-ல் வெளியிட்ட நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 1.06 லட்சத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகள் பதிவாகின. அதில் 8,366 நீர்நிலைகள் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தன. இந்த எண்ணிக்கையில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு.

மேப்பில் இல்லாத காஞ்சிபுரம்

ஒரு ஊரைப் பற்றித் தெரிந்துகொள்வது என்றால் நிலம் மட்டும் அல்ல, மனிதர்களும்தான். இதில் மொபைல் மேப் இன்னும் பலவீனம்.

காஞ்சிபுரத்தை மேப்பில் திறந்தால் காந்தி ரோடு முழுக்க பட்டுப்புடவைக் கடைகளின் குறிகள். கடைக்காரர்கள் தாங்களே பெயரைச் சேர்க்கிறார்கள், வாடிக்கையாளர்கள் ஸ்டார் போடுகிறார்கள், படம் ஏற்றுகிறார்கள். ஆனால் அந்தப் புடவை நெய்யப்படும் பிள்ளையார்பாளையம் தெருக்களில், வீட்டுக்குள்ளேயே இருக்கும் தறிக்குக் குறி கிடையாது. திருப்புட்குழி போன்ற ஊர்களைத் தேடினாலும் முதலில் வருவது கோயிலும் ஹைவே உணவகங்களும்தான்.

இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் பேர் என்று 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் புள்ளிவிவரம் மொத்தமாகப் பார்க்க உதவும். எந்தத் தெருவில் தறி ஓடுகிறது, எந்தத் தெருவில் நின்றுபோனது என்பதை மேப் சொல்லாது.

இதனால் என்ன நஷ்டம்? மேப்பில் குறி இல்லாத இடம் 'காலி' என்று வாங்குபவருக்குத் தோன்றும். களம், மேய்ச்சல் நிலம், பாவு நீட்டும் தெரு, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் எல்லாமே திரையில் ஒரே நிறம்தான். கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோதும், முதல் கட்டமாக வந்தது சென்னை உட்பட பத்து நகரங்களுக்குத்தான்.

அரசின் புள்ளிவிவரமும் பழசு. கிராம வாரியான மக்கள்தொகை விவரம் இன்றும் 2011 கணக்கெடுப்பில் எடுத்ததுதான். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து நடக்கும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதுவரை, "இந்த ஊர்ல இத்தனை பேர்" என்று ஆன்லைனில் படிக்கும் எண் ஒரு தலைமுறைக்கு முந்தைய கணக்கு மாதிரிதான்.

கொஞ்சம் புதிய விவரம் வேண்டும் என்றால், 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் ஊராட்சியின் வரவு செலவையும் திட்டப் பணிகளையும் பார்க்கலாம். குடிநீர்க் குழாய்க்குச் செலவு செய்திருக்கிறார்களா, தெருவிளக்குக்கு எவ்வளவு என்று தெரியும். பள்ளிகளைப் பற்றி 'யுடைஸ் பிளஸ்' தளத்தில் வகுப்பறை, ஆசிரியர், கழிப்பறை வரை விவரம் உண்டு.

மேப்பை அப்படியே நம்பினால்?

2024 நவம்பர் 24. உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, நேவிகேஷன் காட்டிய வழியில் போனதாகச் சொல்லப்பட்ட கார் ஒன்று, ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் இருந்து கீழே விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கனவே அடித்துக்கொண்டு போயிருந்தது. மேப்பில் அந்த மாற்றம் ஏறவில்லை. சாலையில் தடுப்பும் சரியாக இல்லை.

நெடுஞ்சாலைப் பணி நடக்கும் இடங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சர்வீஸ் ரோடு மாறும், மேம்பாலம் திறக்கும், திரும்பும் இடம் மூடப்படும். விளம்பரத்தில் உள்ள '2 நிமிடம்' நேர்க்கோட்டுத் தூரமா, அல்லது யூ-டர்ன் அடித்துச் சுற்றி வரும் தூரமா என்பதை வண்டி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மக்களே சேர்க்கும் தகவல்

மேப் பழசாக இருக்கிறது என்று சும்மா இருக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று எந்த அரசுத் தளமும் தெருத்தெருவாகச் சொல்லவில்லை. 2004-ல் தொடங்கிய இலவச வரைபடமான 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்'பை அடித்தளமாக வைத்து, தன்னார்வலர்கள் உருவாக்கிய மேப்பில் பொதுமக்களே தங்கள் தெருவைத் தொட்டு 'தண்ணீர் நிற்கிறது' என்று குறித்தார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அன்று தண்ணீர் சூழ்ந்ததைப் பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அந்த அனுபவம் எந்த மனை விளம்பரத்திலும் வராது.

ஊரில் இருப்பவர்கள் வாய்க்காலையும் குளத்தையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பெயரோடு சேர்க்கலாம். மேப்மைஇந்தியாவின் 'மேப்பிள்ஸ்', கூகுள் மேப் இரண்டிலும் தவறுகளைத் திருத்தக் கோரலாம். ஒரு வாய்க்காலுக்கு மேப்பில் பெயர் இருந்தால், அதைக் 'காலி மனை' என்று காட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்: ஏழு படிகள்

1. பின்னோடு சேர்த்து வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண்ணைக் கேட்டு வாங்குங்க. எழுத்தில் வாங்குவது நல்லது.

2. டிஎன்ஜிஐஎஸ் மேப்பில் பின்னும் சர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்க.

3. கூகுள் எர்த்தில் கோடைப் படத்தையும் மழைக்காலப் படத்தையும் ஒப்பிடுங்க. 1984 முதல் தண்ணீர் நின்ற இடங்களைக் காட்டும் தளத்தையும் பாருங்க.

4. பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு மூன்றையும் எடுங்க. பக்கத்துச் சர்வே எண்களையும் மறக்க வேண்டாம். மனைக்குப் போகும் வழி எந்த எண்ணில் வருகிறது என்பதையும் பாருங்க.

5. வில்லங்கம், வழிகாட்டி மதிப்பு, கோயில் நில ஆவணம், நீதிமன்ற வழக்கு – நான்கையும் தேடுங்க.

6. டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகார எண், ரெரா பதிவு எண் இரண்டையும் அந்தந்தத் தளத்திலேயே சரிபாருங்க. விற்பவர் அனுப்பும் பிடிஎஃப்-ஐ நம்பி நிற்க வேண்டாம்.

7. இதெல்லாம் முடிந்த பிறகு நேரில் போங்க. முடிந்தால் நவம்பர், டிசம்பரில், நல்ல மழை பெய்த மறுநாள். மனையில் நிற்பதோடு, பக்கத்து ஊர்க்காரர்களிடம் "கடைசியா இங்க எப்போ தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்க. அசல் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டி, நிலத்தை சர்வேயரை வைத்து அளந்த பிறகு பணத்தைப் பேசலாம்.

முதல் ஆறு படிகளை மொபைலிலேயே முடிக்கலாம். ஒரு மாலை நேரம் போதும், பெரிய செலவும் கிடையாது. ஒரு குடும்பம் பத்து, பதினைந்து வருடம் கட்ட வேண்டிய வீட்டுக் கடனோடு ஒப்பிட்டால் அது பெரிய நேரமும் இல்லை. விற்பவரிடம் அடுத்த முறை பேசும்போது, லொகேஷன் அனுப்பச் சொல்வதற்கு முன் சர்வே எண்ணைக் கேளுங்க.